அடுக்களைச் சுவரில் அம்மாவின் பெயர்

என் பெரியப்பா மகளைக் கண்டால் எனக்குப் பொறாமை. இந்த வயதில் அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளுக்குச் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். எனக்குத் தோளைத் தாண்டினாலே பெரிய விஷயம். அவள் ஒற்றைப் பிள்ளை. நாங்கள் நாலு பெண்கள், அக்காக்கள் போட்டுச் சாயம் போன பாவாடைதான் எனக்கு வந்து சேரும். அவளுக்குப் பெரிய உத்தியோகத்தில் மாப்பிள்ளை, பாளையங்கோட்டையில் மாடி வீடு. எனக்கு வாய்த்தவர் தச்சநல்லூரில் உரக்கடை. நல்ல மனுஷர்தான், ஆனால் மேலே எப்போதும் யூரியா வாடை.

இதையெல்லாம்கூட ஒரு மாதிரிப் பொறுத்துக்கொண்டேன். சுதந்திரப் பொன்விழா வந்த சமயத்தில் அவள் தோட்டத்து வீட்டை நினைவு இல்லமாக்க எழுதிக் கொடுத்தாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் தோட்டம் சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலை ஒட்டி இருந்தது. வாழையும் தென்னையும். நடுவில் ஓட்டு வீடு ஒன்று, மேலே ஆள் குனிந்து போகிற மாதிரி ஒரு மச்சு. நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்துவிட்டு ஓடிவந்த நாலு பையன்களைப் பெரியப்பா அந்த மச்சில்தான் ஒளித்து வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் போலீஸ் வந்துவிட்டது. பையன்களோடு பெரியப்பாவையும் அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா ஜெயிலிலிருந்து தியாகியாக வந்தார். மாலை, மேடை, தாமிரப் பட்டயம், பென்ஷன் எல்லாம் வந்தது. அன்றைக்கு உரம் வாங்க அம்பாசமுத்திரம் போயிருந்ததால் எங்கப்பா தப்பித்தார். தப்பித்தவருக்கு யார் மாலை போடுவார்கள்? பாகம் பிரித்தபோது வீடும் தோட்டமும் பெரியப்பாவுக்கு, வயல் எங்களுக்கு. வயல் எங்கள் நாலு பேர் கல்யாணத்தில் கரைந்துபோயிற்று.

பொன்விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்தார்கள். அக்கா, பெரியப்பா மகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், தோட்டத்து வீட்டை அப்படியே தானமாகக் கொடுத்தாள். பேப்பரில் போட்டோ வந்தது. அதில்கூட அவள் சிரிக்கவில்லை, அடக்கமாக நின்றாள். அந்த அடக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பொறந்ததுன்னு அம்மிக் கொழவியால வயித்துல குத்திக்கிட்டாளாம்" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரை மடித்துக்கொண்டே. "ஒங்க அக்கா தோட்டம், அவ குடுக்கா. ஒனக்கு எங்கன வலிக்கி?"

எங்கே வலிக்கிறது என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? அப்பாவும் நாங்களும் வளர்ந்த வீடு அது. அது கோயில் மாதிரி ஆகப்போகிறது, அதற்குள்ளே எங்களுக்கு ஒரு மூலைகூடக் கிடையாது.

வேலை நடக்கிறதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலிலேயே கருப்பட்டி வாசனை. சாத்தான்குளத்திலிருந்து சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி வந்து இறங்கியிருந்தது. முன்பு பூசியிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, பழையபடி சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுவில் நின்றாள். கொத்தனார் அண்ணாச்சி எதற்கெடுத்தாலும், "அம்மா சொன்னாச் சரி" என்றார். உடைந்த ஓட்டுக்குப் பதிலாக அதே அளவில் பழைய ஓடு வேண்டுமென்று அவள் ஊர் ஊராக அலைந்து, இடிக்கிற வீடுகளில் வாங்கி வந்திருந்தாள். என்னால் முடியுமா அப்படி அலைய? முடியாதுதான். ஆனால் எனக்கு அந்த வாய்ப்பையே யாரும் கொடுக்கவில்லையே!

அடுக்களைச் சுவர் கரிப்பிடித்துக் கிடந்தது. அதைச் சுரண்டி வெள்ளையடிக்க ஒருவன் ஏணியைச் சாத்தினான்.

"ஏலே, அந்தச் செவத்துல கைய வைக்காத. கரி அப்படியே இருக்கட்டும்" என்று அக்கா சத்தம் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, அது அந்தக் காலத்துக் கரி. அதப் போயிச் சொரண்டலாமா?" என்றாள்.

கூட நின்றவர்கள் ஆகா என்று தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எங்கம்மா புகையில் கண்ணீர் விட்டு ஊதி ஊதி ஏற்றிய கரி, அதைக் காப்பாற்றிய புண்ணியம் மட்டும் அவளுக்கா?

அன்றைக்குத்தான் அறைகளில் மாட்டப்போகிற பலகைகளின் வாசகத்தைப் பார்த்தேன். கூடத்துக்குப் பெரியப்பா. மச்சுக்கு அந்த நாலு பையன்கள். அடுக்களைக்குப் பெரியம்மா பேர், அதன் கீழே: 'இங்குதான் தியாகியின் துணைவியார் தேசத் தொண்டர்களுக்கு அன்னமிட்டார்.'

அன்னமிட்டாராம்! எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், பெரியம்மாவுக்குச் சமைக்க வராது. அவள் வைத்த குழம்பில் உப்புப் போட்டது உப்புக்கே தெரியாது. மருமகளாக வந்த நாளிலிருந்து அடுப்படி எங்கம்மாதான். புதுப்பெண் அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாதென்று எங்கம்மா உள்ளேயே இருப்பாள். பெரியம்மா வெளியே கொண்டுபோய்ப் பரிமாறுவாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதைதான்.

"யக்கா, இந்த அடுக்களையில ஆக்குனது யாரு?" என்றேன்.

"ரெண்டு பேருந்தான்."

"பெரியம்மா பரிமாறுனா. ஆக்குனது எங்கம்மா. பலகையில எங்கம்மா பேரு எங்க?"

அக்கா கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. "சித்திட்ட கேட்டியாட்டி?"

"எங்கம்மா பேர எழுத எங்கம்மாட்ட எதுக்குக் கேக்கணும்?"

"கேளு. கேட்டுட்டு வா, பாப்போம்."

பாப்போமாம். நான் என்ன அவளிடம் பிச்சையா கேட்டேன்? பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குட்டி பலக? போயி வேலயப் பாரு" என்றாள் அம்மா. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாவுக்கு எப்போதுமே தன் பங்கைக் கேட்டு வாங்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அவளுக்கும் சேர்த்து நானே கேட்பது என்று முடிவு செய்தேன்.

கமிட்டியில் இருந்த அதிகாரி நல்ல மாதிரி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அம்மா பேசுவதைப் பதிவு செய்யலாமே என்று டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா தலைவலி என்று சொல்லிப் புறவாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. அவருக்குக் காபியைக் கொடுத்து, எனக்குத் தெரிந்ததை நானே சொன்னேன். அம்மா வைத்த குழம்பு, அம்மா இடித்த மாவு, அம்மா பட்ட பாடு. கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன் என்று வையுங்கள்.

அதோடு விட்டேனா? அந்த மாசம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு, காதில் விழுகிற மாதிரியே பேசினேன். "சோறாக்குனவ ஒருத்தி, பேரு வாங்குனவ ஒருத்தி. அம்மைக்கும் மகளுக்கும் அதுதானே வழக்கம்." அக்கா எதிர் வரிசையில் இருந்தாள். இலையை மடித்துவிட்டு எழுந்து என் பக்கம் வந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறாள், வரட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவோம் என்று நானும் தயாராக இருந்தேன்.

"ஒனக்கு அவ்வளவு வேணும்னா எழுதச் சொல்லுதேன்ட்டி" என்றாள், பையத்தான் சொன்னாள். "அப்புறம் என்னையச் சொல்லாத."

எனக்கு அன்றைக்குப் பாயசம் இரண்டு மடங்கு இனித்தது. அடுத்த வாரமே எழுதிவிட்டார்கள். பெரியம்மா பேருக்கு மேலே எங்கம்மா பேர். அதையும் நான்தான் கேட்டேன், சமைத்த பிறகுதானே பரிமாறுவது என்று. போய்ப் பார்த்துவிட்டு, வரும்போது ஜங்ஷனில் அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா மத்தியானச் சாப்பாடு முடித்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"எழுதியாச்சும்மா! பெரியம்மாவுக்கு மேல ஒம் பேரு. கொட்டை எழுத்துல."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அல்வாவைப் பிரித்து நீட்டினேன். வாங்கவில்லை.

"அத அழிக்கச் சொல்லு."

"என்னம்மா, கிறுக்கா ஒனக்கு? எவ்வளவு பாடு பட்டு…"

"அழிக்கச் சொல்லுட்டி! அழிக்காம நான் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்." அம்மா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிறகு குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பிள்ளைகளப் புடிச்சிக் குடுத்தது நான்தான்ட்டி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் கேட்டபடியே சொல்லுகிறேன்.

"அப்போ எனக்குப் பதினேழு வயசு. அந்தப் பையன்மாரு பொழுது அடஞ்சதும் மச்சுலருந்து எறங்கி வந்து கூடத்துல உக்காந்து சாப்பிடுவாவ. நான் கதவுக்குப் பின்னால நிப்பேன். சாப்பிட்டு எந்திச்சதும் எலையெல்லாம் எடுத்து எருக்குழியில போட்டு, மேல சாணியத் தள்ளி மூடிரணும். அக்கா அதுல ரொம்பக் கண்டிசன்."

அம்மா பெரியம்மாவை அக்கா என்றுதான் சொல்லுவாள். இந்த இலை விஷயத்தை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தில் புருஷன் சாப்பிட்ட இலையிலேயேதான் பெண்டாட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். அண்ணன் தம்பி இரண்டு ஜோடி இருக்கிற வீட்டில் வேளைக்கு இரண்டு இலைதான் விழும். அதற்கு மேல் விழுந்தால் வெளியாள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால்தான் பெரியம்மா மூடச் சொல்லியிருக்கிறாள்.

"அன்னைக்குக் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுப் புளிக்கொழம்பு வச்சேன். அதுல ஒரு பையன், ஒசரமா இருப்பான், 'அண்ணி, ஒங்க கைக்கு மோதிரம் போடணும், இப்படிக் கொழம்பு எங்க அம்மகூட வைக்கல'ன்னான். அக்கா சிரிச்சிக்கிட்டே இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துனா. 'உள்ள இருக்காளே, அவ வச்சது'ன்னு ஒரு வார்த்த சொல்லல. எனக்கு அழுகையா வந்துட்டு. அவங்க எந்திச்சி நாங்களும் சாப்பிட்டு முடிச்சதும், 'ஏளா, எலைய எடுத்துப் போடு'ன்னு உள்ள வந்து சொல்லுதா. பேரு அவளுக்கு, எச்சி எல எனக்கா? வந்த ஆத்திரத்துல எருக்குழிக்குப் போவல. ஆறு எலையையும் அப்படியே வாரி வாய்க்கால்ல விட்டுட்டேன்."

ஓடுகிற தண்ணீரில் எச்சில் இலையைப் போடுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. கீழே ஆட்கள் குளிப்பார்கள், குடிக்க எடுப்பார்கள். அத்தனை ஆத்திரம் இருந்திருக்கிறது அம்மாவுக்கு.

"வெடியக்காலம் எல கீழ படித்துறையில ஒதுங்கிக் கெடந்திருக்கு. போலீசுக்குத் துப்புச் சொல்லுத ஆளு ஒருத்தன் அங்கன குளிச்சிக்கிட்டிருந்தானாம். படித்துறைக்கு மேல நம்ம தோட்டம் ஒண்ணுதான். ரெண்டு ஆம்பிள இருக்க வீட்டுல ஆறு எலையான்னு அவனுக்குத் தெரிஞ்சி போச்சி. சாயங்காலம் லாரி வந்துட்டு." அம்மா மூச்சு வாங்கினாள். "கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னான்லா, அவன் செயில்லயே செத்துப் போனான்ட்டி. கொழம்பு நான் வச்சதுன்னு அவனுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது."

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"லாரி வந்துட்டுப் போன மறுநா, குளிக்கப் போனவ படித்துறையில கெடந்த ரெண்டு எலையக் கையில எடுத்துக்கிட்டு ஈரச் சேலையோட வந்து நின்னா. என்னையவே பாத்தா. அப்புறம், 'இனிமே எலைய நான் எடுத்துக்கிடுதேன்'னா. அவ்வளவுதான். சாவுத வரைக்கும் ஒரு சொல்லுச் சொல்லல. நாலு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்குத் தேவலயா இருந்திருக்கும்."

அல்வாவில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மூடி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். போகிற வழியில் என் கவலை என்ன தெரியுமா? அம்மாவைப் பற்றியோ அந்தப் பையனைப் பற்றியோ இல்லை. ஊரைக் கூட்டி வாங்கிய பேரை நானே போய் அழிக்கச் சொல்ல வேண்டும், அதுவும் அவளிடம். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? வெள்ளையடிக்கிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. தனியாகக் கூப்பிட்டுப் போய், "எங்கம்மா பேர அழிச்சிரு யக்கா" என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததிலிருந்து எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"எங்கம்மா சாவக்குள்ள சொன்னா."

"அப்புறம் ஏன் என்ட்ட சொல்லல? நான் கல்யாண வீட்டுல அத்தன பேரு முன்னால பேசுனேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சித்திக்குப் பொய் சொல்ல வராதுட்டி. பலகையில பேரு வந்தா ஆளுக வந்து கேப்பாவ, சித்தி வாயத் தொறந்து சொல்லிருவா. அவளச் சொல்ல வைக்கக் கூடாதுன்னுதான் தள்ளித் தள்ளிப் போட்டேன். நீ விட்டாத்தானே?" என்றாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை. "ஆனா இனிமே அழிக்க மாட்டேன். எங்கம்மா கடைசில என்ன சொன்னா தெரியுமா? 'கொழம்பு அவ வச்சதுன்னு ஒரு தடவையாவது நான் சொல்லியிருக்கணும். சின்னப் பிள்ள அது. அதச் சொல்லியிருந்தா எல எருக்குழிக்குத்தான் போயிருக்கும்'னா. ஆக்குனது சித்திதான், அதுல பொய் என்ன இருக்கு? பேரு இருக்கட்டும். நீ சித்தியக் கூட்டிட்டு வா, தெறப்புக்கு முன்னால, ஆள் இல்லாத அன்னைக்கு."

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். அதுதானே மரியாதை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சடை அவளுக்கு, வீடு அவளுக்கு, தியாகி அப்பா அவளுக்கு. போகட்டும். பெருந்தன்மையுமா? என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு எங்கம்மா மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இனி அவளைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. ஒரு மோர்கூட வாங்கிக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க நாளாயிற்று. பெரியம்மா கடைசியாகச் சொன்னதைச் சொன்னபோது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. எங்கம்மா என் முன்னால் அழ மாட்டாள். அப்பா செத்தபோதுகூட என்னைத்தான் தேற்றினாள். நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன், மருந்து கொடுக்கிறேன், தலை பின்னிவிடுகிறேன். எனக்கு முன்னால் அழுதால் நான் உடைந்துபோவேன் என்று நினைப்போ என்னவோ.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையாட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, டாக்சி பிடித்து அழைத்துப் போனேன். அக்கா வாசலில் நின்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் நேரே கூடத்துக்குப் போனாள். சுவரில் பையன்களின் படம் மாட்டியிருந்தார்கள். மூன்று படம், நாலாவது சட்டத்தில் வெறும் பெயர்.

"இவனுக்குப் படம் இல்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க தேடியும் கெடைக்கல சித்தி" என்றாள் அக்கா.

"ஒசரமா இருப்பான். குனிஞ்சிதான் வருவான், அப்படியும் நெலையில தலைய இடிச்சிக்கிடுவான். சாப்பாட்டுக்குக் கடைசில மோரு கேப்பான்." அம்மா அந்தப் பெயரைத் தடவினாள். பிறகு அடுக்களைக்குப் போய், தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். கரிச்சுவரில் கையை வைத்தாள். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போனேன். தள்ளாடினால் பிடித்துக்கொள்ள ஒரு கையைத் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா தள்ளாடத்தான் செய்தாள். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. அக்கா நின்ற பக்கம் திரும்பி, "உங்கம்மா என்னைய ஒரு வார்த்த ஏசலயே தாயீ" என்று சொல்லி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதுவரை எங்கம்மாவிடம் பார்த்ததில்லை. அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள், பெற்ற மகள் மாதிரி.

நான் பாட்டில் மூடியைத் திறந்தேன், மறுபடி மூடினேன். எனக்கு இருந்தது எங்கம்மா ஒருத்திதான். அவளையும் அவள் வாங்கிக்கொண்டுவிட்டாள்.